திறவாத கதவும் நகராத ஆசனமும்

வீடும் யந்திரமும்

மோட்டார் வண்டி விஷயத்தில் நம்மவர்களின் சுபாவம் மிகவும் விசித்திரமானது. எஞ்சினில் இலேசாக ஒரு முனகல் கேட்டுவிட்டால் உடனே மெக்கானிக்கைத் தேடிக்கொண்டு ஓடுகிறோம். வெளிப்புறத்து வர்ணத்தில் ஒரு சிறு கீறல் விழுந்துவிட்டால் மூன்று நாளைக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. ஆனால் வண்டிக்கு உள்ளே, நாமும் நம் குழந்தை குட்டிகளும் உட்காருகிற இடத்தில், ஏதாவது ஒரு சாமான் இறுகிக்கொண்டு அசையமாட்டேன் என்று அடம் பிடித்தால், அதைப்பற்றி நாம் சிறிதும் கவலைப்படுவதில்லை. அதற்குத் தகுந்தபடி நாமே வளைந்து கொடுத்துவிடுகிறோம்!

ஒரு குடும்பம் கல்யாணத்துக்குப் புறப்படுகிற சமயத்தில் சற்றே காது கொடுத்துக் கேளுங்கள். "பாட்டி! அந்தப் பக்கத்துக் கதவு திறக்காது. இப்படி ஏறி அப்படி நகர்ந்து கொள்ளுங்கள்" என்கிறான் பேரன். "மாமா! அந்தக் கண்ணாடியை மட்டும் இறக்கிவிடாதீர்கள். இறக்கினால் மறுபடி ஏறாது" என்று எச்சரிக்கை செய்கிறாள் மருமகள். "அந்தப் பெல்ட் இழுத்தால் வராதப்பா, சும்மா மார்பின் மேல் போட்டுப் பிடித்துக்கொள், போலீஸ்காரருக்குத் தெரியாது" என்று மகனுக்கு யோசனை சொல்லிக் கொடுக்கிறார் வீட்டு எஜமானர்.

இந்த மூன்று பேச்சிலும் உள்ள பொறுமையை நினைத்தால் ஆச்சரியமாயிருக்கிறது. ஆனால், இவை வெறும் அசௌகரியங்கள் அல்ல என்பதை நாம் உணர்வதில்லை. திறவாத கதவு என்பது, ஆபத்துக் காலத்தில் வெளியேற வழியில்லாத கதவு. இறங்காத கண்ணாடி என்பது, வெள்ளத்திலோ தீயிலோ அகப்பட்டால் மூச்சு விட முடியாத சிறை. வெளியே வராத வாரோ, உயிருக்கும் சாவுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இரண்டு அங்குல நாடா. ஆகையினால் இந்த வாரம் வண்டியின் உட்புறத்தில் இறுகிப்போகும் சாமான்களைப்பற்றிக் கொஞ்சம் விசாரிக்கலாம்.

மூன்று வகை

அசையாத சாமான்கள் மூன்று வகைப்படும். தன் கடமையைச் செய்வதனாலேயே அசையாதது ஒரு வகை. அழுக்கும் தூசியும் அடைத்துக்கொண்டதனால் அசையாதது இரண்டாம் வகை. உடைந்து போனதனால் அசையாதது மூன்றாம் வகை. முதல் வகைக்கு வைத்தியம் அறிவு. இரண்டாம் வகைக்கு வைத்தியம் சோப்புத் தண்ணீர். மூன்றாம் வகைக்குத்தான் மெக்கானிக். நம்மில் பலர் இந்த மூன்றுக்கும் ஒரே மருந்தைக் கையாளுகிறார்கள். அந்த மருந்தின் பெயர் பலாத்காரம். இழுப்பது, உதைப்பது, ஓங்கிச் சாத்துவது முதலியவற்றால் முதல் வகை மூன்றாம் வகையாக மாறுமேயன்றி வேறு பிரயோஜனம் கிடையாது.

முதல் வகையைப் பார்ப்போம். பின் கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை, வெளியேயிருந்து மட்டும் திறக்கிறது என்றால், அநேகமாக அது பழுதே அல்ல. கதவைத் திறந்து, அதன் ஓரத்தில், பூட்டு இருக்கும் இடத்துக்கு அருகே பாருங்கள். சிறிய நெம்புகோல் ஒன்று, அல்லது சாவி நுனியால் திருப்பும் துவாரம் ஒன்று இருக்கும். ஓடுகிற வண்டியில் குழந்தைகள் கதவைத் திறந்துவிடாமல் இருப்பதற்காகச் செய்த தடுப்புப் பூட்டு அது. வண்டி கழுவும்போது துணி பட்டு அது நகர்ந்திருக்கலாம். அதைப் பழைய நிலைக்குத் தள்ளிவிட்டால் கதவு சாதுவாகத் திறக்கும். இதை அறியாமல் உட்கைப்பிடியைப் பிடித்து இழுத்து உடைத்தவர்கள் எத்தனையோ பேர்.

சாவி திரும்பவில்லை என்பது மற்றொரு புகார். வண்டியை நிறுத்திய பிறகு ஸ்டீயரிங் சக்கரம் சிறிது திரும்பினால், திருடர் பயத்துக்காக வைத்திருக்கும் பூட்டு அதில் விழுந்துவிடும். முன் சக்கரங்கள் நடைமேடையின் விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பூட்டின்மேல் பாரம் ஏறிச் சாவியும் இறுகிவிடும். அப்போது சாவியை முறுக்கினால் சாவிதான் முறியும். ஒரு கையால் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாய் மெதுவாக அசைத்துக்கொண்டே மறு கையால் சாவியைத் திருப்ப வேண்டும். பாரம் விலகிய கணத்தில் சாவி திரும்பிவிடும்.

தானே கியர் மாறும் வண்டிகளில், நிறுத்தல் நிலையிலிருந்து கியர்த் தண்டு நகராவிட்டால், பிரேக்கை அழுத்தியிருக்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும். பிரேக்கை அழுத்தினாலன்றி அந்தத் தண்டு நகராதபடி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். அழுத்தியும் நகரவில்லை, பின்புறத்துப் பிரேக் விளக்கும் எரியவில்லை என்றால், பிரேக் ஸ்விட்சில் கோளாறு என்று அறியலாம்.

கதவு சாத்தமாட்டேன் என்று திரும்பத் திரும்ப வெளியே வருவதும் உண்டு. இதற்கு வீட்டார் செய்கிற சிகிச்சை, இன்னும் பலமாக ஓங்கிச் சாத்துவது. கதவின் ஓரத்திலுள்ள பூட்டின் கொக்கியைப் பாருங்கள். கதவு திறந்திருக்கும்போதே யாரோ ஒரு குழந்தை விரலால் தள்ளி, அந்தக் கொக்கியை மூடிய நிலைக்குத் திருப்பிவிட்டிருக்கும். வாயை மூடிக்கொண்ட பிள்ளைக்குச் சோறு ஊட்ட முடியுமா? வெளிக் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு ஸ்குரூ டிரைவரால் கொக்கியைத் திறந்த நிலைக்குத் தள்ளிவிட்டால், கதவு மெல்லச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும்.

வார் என்னும் உயிர் நாடா

இனி, மிக முக்கியமான சாமானுக்கு வருவோம். தோளிலும் இடுப்பிலுமாக மூன்று இடங்களில் பிடிக்கும் பெல்ட்டை 1959-ம் ஆண்டில் வண்டிகளில் புகுத்தியது ஸ்வீடன் தேசத்து வால்வோ கம்பெனி. அதை அமைத்தவர் நில்ஸ் போலின் என்னும் எஞ்சினீயர். அவர் அதற்கு முன் ஸாப் கம்பெனியில் ஆகாய விமானங்களுக்கு ஆசனம் செய்து கொண்டிருந்தார். என்ன ஆசனம் தெரியுமா? ஆபத்து வந்தால் விமானியை அப்படியே வெளியே தூக்கி எறியும் ஆசனம்! மனிதனை வெளியே எறிவதற்கு வழி கண்டவரே, அவனை உள்ளே இருத்திக் காப்பாற்றுவதற்கும் வழி கண்டார். அந்த அமைப்பை மற்றக் கம்பெனிகளும் இலவசமாய் உபயோகித்துக்கொள்ளலாம் என்று வால்வோ விட்டுக்கொடுத்தது. உலகத்துக்குக் கிடைத்த பெரிய தானங்களில் இதுவும் ஒன்று.

அத்தகைய வார் உங்கள் வண்டியில் இழுத்தால் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவசரப்பட்டு வெடுக்கென்று இழுக்கிறீர்கள், நின்றுவிடுகிறது. மறுபடி இன்னும் கோபமாக இழுக்கிறீர்கள்; மறுபடியும் நின்றுவிடுகிறது. உண்மையில் அது கெட்டுப்போகவில்லை. தன் வேலையைச் செய்கிறது. தூணுக்குள் இருக்கும் சுருட்டு உருளையில் இரண்டு காவற்காரர்கள் இருக்கிறார்கள். வார் திடீரென்று வேகமாக வெளியேறினால் ஒருவன் பூட்டுகிறான். வண்டி திடீரென்று நின்றாலும் சாய்ந்தாலும் மற்றொருவன் பூட்டுகிறான். இந்த இரண்டாமவன் பெரும்பாலும் ஒரு சிறு குண்டு அல்லது ஊசல். ஆதலால் வண்டியை மேட்டிலோ பள்ளத்திலோ மிகவும் சாய்வாக நிறுத்தியிருந்தால், எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் வார் வராமலிருக்கலாம். சம தரைக்குக் கொண்டுபோனதும் தானாகவே சரியாகிவிடும்.

பூட்டிக்கொண்ட வாரை விடுவிக்க ஒரு வழி உண்டு. அதை ஒரே ஒரு தடவை உறுதியாக இழுத்து, உடனே தளர விடுங்கள். சிறிது உள்ளே போகட்டும். பிறகு, கிணற்றிலிருந்து நிறைகுடத்தைத் தூக்குவது போல், அலுங்காமல் இழுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால், தோளுக்கு மேலேயுள்ள வளையத்தில் வார் முறுக்கிக்கொண்டு மடிந்திருக்கிறதா என்று பார்த்து நிமிர்த்திவிடுங்கள். முறுக்கிய வாரோடு ஒருநாளும் பிரயாணம் செய்யலாகாது. விபத்தில் அகலமான நாடா மார்பு முழுவதும் தாங்க வேண்டிய பாரத்தை, முறுக்கிய நாடா கயிறு போல் ஒரே கோட்டில் அழுத்திவிடும்.

வார் வெளியே வருகிறது, ஆனால் உள்ளே சுருண்டு போகமாட்டேன் என்கிறது என்பதே அநேகருடைய புகார். கதவிடுக்கில் அகப்பட்டு நசுங்கித் தெருவெல்லாம் இழுபட்டு வருகிற வார்களை எங்கும் பார்க்கலாம். இதற்குக் காரணம் பெரும்பாலும் அழுக்குத்தான். வருஷக்கணக்காய் நம்முடைய வியர்வையும், எண்ணெய்த் தலையும், சந்தனமும், குழந்தைகள் கையிலுள்ள மிட்டாயும் பட்டுப் பட்டு நாடா தடித்துப் பிசுக்காகிவிடுகிறது. மேல் வளையத்திலும் அதே பிசுக்குப் படிகிறது. உள்ளேயிருக்கும் சுருள் ஸ்பிரிங்கோ மிக மெல்லியது. பாவம், அது எவ்வளவுதான் இழுக்கும்?

இதற்குச் செய்ய வேண்டியது வருமாறு. வாரை முழுவதும் மெதுவாக வெளியே இழுத்து, உள்ளே ஓடிவிடாதபடி மேல் வளையத்துக்கு அருகில், துணி உலர்த்தும் கிளிப் ஒன்றை நாடாவில் மாட்டுங்கள். இளஞ்சூடான நீரில் மிருதுவான சோப்பைக் கரைத்து, மென்மையான பிரஷினால் நாடாவின் இரு பக்கமும் நீளவாட்டில் தேய்த்து, ஈரத் துணியால் பலமுறை துடைத்தெடுங்கள். வளையத்தின் உட்புறத்தையும் துணி நுழைத்துத் துடையுங்கள். அங்கே வரும் கறுப்பைப் பார்த்தால் உங்களுக்கே வெட்கமாயிருக்கும். நாடா முற்றிலும் காயும் வரையில், அதாவது ஒரு நாள் முழுவதும், கிளிப்பை எடுக்கக் கூடாது. ஈரமாக உள்ளே சென்றால் பூஞ்சையும் துர்வாசனையும் உண்டாகும். சலவை வெளுப்பு மருந்து, சாயம், பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆகியவற்றை நாடாவின் அருகிலும் கொண்டுபோகக் கூடாது. நூலின் பலத்தை அவை தின்றுவிடும்.

மிட்டாய்த் துண்டு, நாணயம், கடலைத் தோல் முதலியவை விழுந்து, பூட்டுப் பெட்டிக்குள் நாக்கு மாட்டாமற் போவதும் உண்டு. தூசி உறிஞ்சும் யந்திரத்தால் அவற்றை இழுத்தெடுக்கலாம். அதற்குள் எண்ணெய் விடக் கூடாது. 'க்ளிக்' என்ற சப்தம் தெளிவாய்க் கேட்டு, இழுத்துப் பார்த்தால் வராமலிருந்து, பொத்தானை அழுத்தியதும் குதித்து வெளிவருவதே நல்ல பூட்டின் லட்சணம். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பூட்டை மாற்றிவிட வேண்டியதுதான். அணிந்திருக்கும்போது கழற்ற வராவிட்டால், பொத்தானை அழுத்திக்கொண்டே நாக்கை முதலில் உள்ளே தள்ளுங்கள். பாரம் தளர்ந்து விடுபடும்.

தூணைத் திறந்து உருளையைக் கழற்றிப் பார்க்கும் ஆசை மட்டும் யாருக்கும் வர வேண்டாம். உள்ளே சுருண்டிருக்கும் ஸ்பிரிங் அவிழ்ந்தால் மறுபடி வீட்டில் சுருட்ட முடியாது. அன்றியும், இக்காலத்து வண்டிகள் பலவற்றில், விபத்துக் கணத்தில் வாரை இறுக்குவதற்காக ஒரு சிறிய வெடிமருந்துக் குப்பியும் அதோடு சேர்ந்திருக்கிறது. நூல் பிரிந்த வாரையும், ஒரு விபத்தில் பாரம் தாங்கிய வாரையும் தைத்தும் ஒட்டியும் உபயோகிக்கலாகாது. புதிதாகவே மாற்ற வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. சில வண்டிகளில் வாரைக் கடைசி வரையில் இழுத்துவிட்டால், பிறகு அது உள்ளே மட்டுமே போகும், வெளியே வராது. குழந்தைகளுக்கான தனி ஆசனத்தை இறுகக் கட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. விளையாட்டாக ஒரு குழந்தை அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டால் வார் இறுகிக்கொண்டே போகும். அவிழ்க்க முயன்று நேரத்தைப் போக்காமல் உடனே அறுத்துவிட வேண்டும். கத்தரிக்கோல் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் வண்டிக்குள் இருப்பது நல்லது.

வாரைப்பற்றி இவ்வளவு விஸ்தாரமாக எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். 2022-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி, ஆமதாபாத்திலிருந்து பம்பாய்க்கு வரும் சாலையில், பால்கர் ஜில்லாவில் நடந்த விபத்தில் பிரபல தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி காலமானார். அவர் பின் ஆசனத்தில் வார் அணியாமல் இருந்தார் என்று போலீஸார் தெரிவித்தார்கள். வண்டியோ விலையுயர்ந்தது, முன் ஆசனத்தில் இருந்த இருவர் பலத்த காயத்துடன் உயிர் தப்பினர். பின் ஆசனம் பத்திரமானது, அங்கே வார் வேண்டியதில்லை என்பது நம்மிடையே ஊறிப்போன மூட நம்பிக்கை. வண்டி மோதி நின்றுவிட்டாலும், அதற்குள் இருக்கும் மனிதன் அதே வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கிறான். முன்னால் உட்கார்ந்தவனுக்கும் பின்னால் உட்கார்ந்தவனுக்கும் இந்த விதி ஒன்றே.

2019-ம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வார் அணியாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் தகுந்த காப்பு இருக்க வேண்டுமென்று அதே சட்டம் சொல்கிறது. நம்முடைய புத்தியோ சட்டத்தை ஏமாற்றுவதில் வெகு கூர்மை. வார் போடாவிட்டால் வண்டி கூவுகிறது என்பதற்காக, பூட்டில் செருகிவைக்க வெறும் நாக்குகளையே விற்கத் தொடங்கினார்கள். 2023-ம் ஆண்டு மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இத்தகைய நாக்குகளை விற்கக் கூடாதென்று ஐந்து இணைய வியாபார நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. எச்சரிக்கை மணியின் நாக்கை அறுத்துவிட்டால் ஆபத்து வராது என்று எண்ணுபவருக்கு நாம் என்ன சொல்வது!

ஆசனமும் கண்ணாடியும்

ஆசனம் முன்னும் பின்னும் நகரவில்லை என்றால், கீழே குனிந்து டார்ச் விளக்கால் அதன் தண்டவாளத்தைப் பாருங்கள். காணாமற்போன பொருள்களின் பொக்கிஷம் அங்கே இருக்கும்! நாணயம், ஹேர்பின், பேனா மூடி, முறுக்குத் துண்டு, சென்ற வருஷத்துத் திருப்பதி லட்டின் முந்திரி எல்லாம் அகப்படும். அவற்றை எடுத்துவிட்டு, பழைய கிரீஸும் மண்ணும் சேர்ந்து உண்டான களிம்பைத் துணியாலும் பிரஷாலும் நீக்கி, வெள்ளை லித்தியம் கிரீஸை மிகக் கொஞ்சமாகத் தடவி, ஆசனத்தை முன்னும் பின்னும் சில தடவை ஓட்டிவிடுங்கள். கடைசியில், ஆசனம் தன் பல்லில் விழுந்து உறுதியாய்ப் பூட்டிக்கொள்கிறதா என்று உடம்பை ஆட்டிச் சோதித்துப் பாருங்கள். பாதி பூட்டிய ஆசனம் பிரேக் போடும்போது நகர்ந்தால், ஓட்டுபவர் கால் பிரேக்குக்கு எட்டாது.

ஆசனத்தின் அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு மின்சார இணைப்புத் தென்பட்டால் அதைத் தொடாதீர்கள். அது பெரும்பாலும் காற்றுப் பைக்கோ வாரின் வெடிமருந்துக்கோ சம்பந்தப்பட்டது. ஆசனத்தையே கழற்ற வேண்டுமென்றால் அது மெக்கானிக்கின் வேலை.

கால் மிதிகளின் அருகிலும் ஒரு பார்வை செலுத்துங்கள். 2009-ம் ஆண்டில் அமெரிக்காவில் டொயோட்டா கம்பெனி லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. தரை விரிப்பு நழுவி ஆக்ஸிலரேட்டரைச் சிக்கவைக்கக் கூடும் என்பதே காரணம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு விரிப்புப் போடுவதும், கொக்கியில் மாட்டாமல் விடுவதும், உருளும் தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே போட்டு வைப்பதும் அந்த அபாயத்தை வலிய அழைப்பதாகும்.

கண்ணாடி விஷயம். பழைய அம்பாஸடரிலும் மாருதி 800-லும் கைப்பிடியைச் சுழற்றினோம். இப்போது விரல் நுனியால் ஸ்விட்சை அமுக்குகிறோம். ஆனால் இரண்டிலும் கண்ணாடி ஓடுகிற வழி ஒன்றே. இருபுறமும் ரப்பர்ப் பள்ளம். நம் ஊர் வெயிலில் ரப்பர் காய்ந்து கடினமாகிறது. தெருப்புழுதி அதில் படிகிறது. கண்ணாடி முனகிக்கொண்டே ஏறத் தொடங்கினால், அதுதான் முதல் எச்சரிக்கை. அப்போதே கவனித்தால் செலவு சொற்பம். அடம் பிடிக்கும் கண்ணாடியின் ஸ்விட்சை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தால், மோட்டார் சூடேறித் தன்னைக் காத்துக்கொள்வதற்காக நின்றுவிடும். சிறிது நேரம் ஆறவிட்டால் மீண்டும் ஓடும். அதையே வழக்கமாக்கினால் மோட்டார் எரிந்து போகும்.

கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு, மெல்லிய மரச்சட்டத்தில் துணி சுற்றிச் சோப்பு நீரில் நனைத்து, ரப்பர்ப் பள்ளத்தை மேலிருந்து கீழ்வரை துடையுங்கள். காய்ந்த பிறகு ஸிலிகோன் தைலத்தைத் துணியில் தெளித்துத் தடவி, கண்ணாடியை நாலைந்து தடவை ஏற்றி இறக்குங்கள். புது வண்டி போல் ஓடுவதைக் கண்டு நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். 'தடக்' என்ற சப்தத்தோடு கண்ணாடி கதவுக்குள் விழுந்துவிட்டாலோ, மோட்டார் ஓடியும் கண்ணாடி அசையாவிட்டாலோ, உள்ளே கம்பியோ பிடிப்போ அறுந்திருக்கிறது. அது மூன்றாம் வகை.

எந்த எண்ணெய் எதற்கு?

நம் வீடுகளில் கீல் கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய், துருப்பிடித்தால் மண்ணெண்ணெய் என்று ஒரு சம்பிரதாயம் உண்டு. வண்டிக்குள் இரண்டும் ஆகாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். உறையாத காலத்தில் தூசியைச் சேர்த்துப் பிசினாகும். மண்ணெண்ணெய் ரப்பரை ஊதச் செய்து கெடுக்கும்.

நீல மஞ்சள் டப்பாவில் விற்கும் டபிள்யூ.டி.-40 இன்று பல வீடுகளில் சர்வரோக நிவாரணியாக விளங்குகிறது. 1953-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஸான் டியாகோ நகரத்து ராக்கெட் கெமிக்கல் கம்பெனியார், ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக அதைச் செய்தார்கள். நாற்பதாவது முயற்சியில் பலித்ததால் பெயரில் 40 வந்தது. துருவை இளக்குவதில் அது சமர்த்து. ஆனால் நெடுநாள் நின்று வழுக்கல் தரும் தன்மை அதற்கு இல்லை. ஆகவே அதனால் இளக்கித் துடைத்துவிட்டு, உரிய பசையைத் தடவ வேண்டும். உலோகத்தின்மேல் உலோகம் தேயும் தண்டவாளத்துக்கும் கீலுக்கும் லித்தியம் கிரீஸ். ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஸிலிகோன். சாவித் துவாரத்துக்கு உலர்ந்த கிராபைட் பொடி. வாருக்கும் அதன் பூட்டுக்கும் ஒன்றுமே வேண்டாம். இந்த நாலு வரியைக் கத்தரித்து டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். பெட்டியும் திறக்கவில்லையா? பத்து வருஷத்து ரசீதுகளைத் திணித்தால் எந்தப் பெட்டிதான் திறக்கும்! மூடியை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை இழுத்தால், கொக்கியின் பாரம் விலகித் திறந்துகொள்ளும்.

வெளியேறும் வழி

வெளியே 35 டிகிரி வெயிலாயிருக்கும்போது, மூடிய வண்டிக்குள் பத்து நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி உஷ்ணம் ஏறிவிடும். அரை மணிக்குள் 50 டிகிரியைத் தாண்டலாம். குழந்தையின் உடம்பு பெரியவர்களைக் காட்டிலும் மிக விரைவில் சூடேறும். உள்ளேயிருந்து கதவைத் திறக்கத் தெரியாத குழந்தையையோ, திறக்க முடியாத கதவருகே ஒரு முதியவரையோ, "இதோ வந்துவிட்டேன்" என்று விட்டுப் போவது மகா பாவம்.

தண்ணீரில் வண்டி இறங்கிவிட்டால் கதவின்மேல் வெளி நீரின் அழுத்தம் ஏறிவிடும்; கதவுடன் போராடிப் பயனில்லை. வாரைக் கழற்றி, கண்ணாடியை உடனே இறக்கி, குழந்தைகளை முதலில் வெளியேற்றி, பிறகு தாமும் வெளியேற வேண்டும். முதல் சில கணங்களில் மின்சார ஸ்விட்ச் வேலை செய்யக் கூடும், தாமதித்தால் செய்யாது. உடைக்க நேர்ந்தால் முன் கண்ணாடியை உடைக்க முயல வேண்டாம். இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்த அது, நொறுங்கினாலும் விழாது. பக்கத்துக் கண்ணாடியின் மூலையில்தான் கூர்மையான உலோக முனையால் தட்ட வேண்டும். சில புதிய வண்டிகளில் பக்கத்துக் கண்ணாடியும் படலம் வைத்ததாயிருக்கும். கண்ணாடியின் ஓரத்தில் அச்சிட்டிருப்பதை இன்றே படித்து வைத்துக்கொள்ளுங்கள். தலையணையைக் கழற்றி அதன் கம்பியால் உடைக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். அதற்காகச் செய்யப்பட்டதல்ல அது. கண்ணாடி உடைக்கும் சிறு சுத்தியல் ஒன்று ஓட்டுபவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பின்புறத்துச் சாமான் அறையில் இருந்தால் அது அலங்காரம்தான்.

கால் மணி நேரம்

இவ்வளவையும் படித்துவிட்டு மலைத்துப்போக வேண்டாம். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காப்பி சாப்பிட்ட பிறகு, கால் மணி நேரம் போதும். வீட்டிலுள்ள குழந்தைகளையே பரீட்சை அதிகாரிகளாக நியமித்துவிடுங்கள். ஒவ்வொரு கதவையும் உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் ஒரு தடவை திறக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணாடியும் முழுவதும் இறங்கி ஏற வேண்டும். ஒவ்வொரு வாரையும், முக்கியமாகப் பின் ஆசனத்தின் நடுவில் உள்ளதை, முழுவதும் இழுத்து, மாட்டி, கழற்றி, சுருள விட வேண்டும். ஆசனம் நகர்ந்து பூட்ட வேண்டும். அசைய மறுத்தது எதுவோ அதை ஒரு காகிதத்தில் எழுதி, மூன்று வகையில் அது எந்த வகை என்று தீர்மானியுங்கள். பெரும்பாலானவை முதல் இரண்டு வகைகளிலேயே அடங்கிவிடும்.

ஒரு பெண்மணி கைப்பிடி விஷயத்தில் ஓர் உபாயம் கேட்டிருக்கிறார். கண்ணாடியைச் சுழற்றும் பழைய கைப்பிடியை உடைக்காமல் கழற்றுவது எப்படி என்பது கேள்வி. பல வண்டிகளில் அதன் பின்னால் குதிரை லாடம் போன்ற ஒரு கம்பிக் கிளிப் இருக்கிறது. கைப்பிடிக்கும் கதவுக்கும் நடுவே ஒரு நீளத் துணியை நுழைத்து, செருப்புக்குப் பாலிஷ் போடுவது போல் இரு நுனிகளையும் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்தால், துணியில் சிக்கிக் கிளிப் வெளியே துள்ளி வரும். துள்ளுகிற கிளிப் கண்ணில் படாமலும், புல்லில் விழுந்து மறையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே ஒரு பழைய வேஷ்டியை விரித்து வைப்பது உத்தமம்.

வண்டியின் எஞ்சின் நம்மைப் போக வேண்டிய இடத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. ஆனால் ஆபத்து நேரும் அந்த ஒரு கணத்தில், எஞ்சினால் நமக்கு யாதொரு உதவியும் இல்லை. அப்போது நம்மைக் காப்பது ஒரு நாடா, ஒரு கொக்கி, ஒரு கைப்பிடி. மாதம் கால் மணி நேரம் அவற்றுக்குச் செலவிடுவது அதிகமல்ல. அடுத்த வாரம், மழைக் காலத்தில் வண்டிக்குள் வரும் பூஞ்சையையும் துர்வாசனையையும் விரட்டும் வழியைப் பார்ப்போம்.